கிறிஸ்தவர்கள் பண்டிகை கொண்டாடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் வீட்டு வாசலில் ஸ்டார் ஏறும். கூடவே வாட்ஸ்அப்பில் "கிறிஸ்துமஸ் பாபிலோனியப் பண்டிகை, விசுவாசிகளே விழித்தெழுங்கள்" என்ற செய்தியும் ஏறும். அது அடங்குவதற்குள் பொங்கல் வந்துவிடும். அடுத்த கேள்வி தொடங்கும். சபை வாலிபர் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பண்டிகை கொண்டாடுகிறவன். கொண்டாடாதவரைக் குறை சொல்ல எனக்கு வேதத்தில் இடம் கிடைக்கவில்லை. கொண்டாடுகிறவரைக் குறை சொல்ல அவருக்கும் கிடைக்காது.

கிறிஸ்துமஸ் கொண்டாடும்படி வேதத்தில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. இதை மழுப்ப வேண்டியதில்லை. மத்தேயுவும் லூக்காவும் இயேசுவின் பிறப்பை விவரிக்கிறார்கள், தேதி சொல்லவில்லை. அந்த நாளை ஆண்டுதோறும் ஆசரியுங்கள் என்று அப்போஸ்தலர் யாரும் எழுதவில்லை. கி.பி. 200 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த சபை ஆசிரியர் கிளமெந்து, இயேசு பிறந்த நாள் எது என்று ஆளுக்கொரு தேதி சொல்லிக்கொண்டிருந்ததைக் குறிப்பிடுகிறார். அவற்றில் டிசம்பர் 25 கிடையாது. அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த ஓரிகென் இன்னும் கறார். வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், பரிசுத்தவான்களில் அப்படிச் செய்தவர் யாரும் இல்லை என்கிறார். டிசம்பர் 25 என்ற தேதி நமக்குத் தெளிவாகக் கிடைப்பது ரோம் நகரில் 354ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டியில்தான். அதில் உள்ள பட்டியல் 336ஐச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு.

ஆனால் "கட்டளை இல்லை" என்பதிலிருந்து "தடை இருக்கிறது" என்பதற்குத் தாவிவிடக் கூடாது. எஸ்தர் 9ஆம் அதிகாரத்தில், யூதர் அழிவிலிருந்து தப்பியதை நினைக்கும் பூரீம் பண்டிகையை மொர்தெகாயும் எஸ்தரும் ஏற்படுத்துகிறார்கள். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அது இல்லை. மக்கபேயர் என்ற யூதப் போராட்டக் குடும்பத்தின் காலத்தில், கி.மு. 164இல், தேவாலயம் மறுபடியும் சுத்திகரிக்கப்பட்டதை நினைத்து உண்டான பிரதிஷ்டை பண்டிகையும் அப்படித்தான். யோவான் 10:22ஐப் பாருங்கள்: அந்தப் பண்டிகை நாட்களில் இயேசு எருசலேம் தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருக்கிறார். "இதை யார் உங்களுக்குக் கட்டளையிட்டது?" என்று அவர் கேட்டதாக அங்கே இல்லை. மனிதர் உண்டாக்கிய பாரம்பரியத்தைக் கடுமையாகக் கண்டித்தவர்தான் அவர். அது தேவனுடைய கட்டளையை அவமாக்கும்போது கண்டித்தார்.

டிசம்பர் 25 சூரியக் கடவுளின் பிறந்தநாள்தானே? அதை எப்படிக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம்?

இதில் பாதி உண்மை. பேரரசர் அவுரேலியன் 274இல் ரோமில் "வெல்லப்படாத சூரியன்" என்ற தெய்வத்துக்கு ஒரு கோயிலை அர்ப்பணித்தார். டிசம்பர் 25ஐ அந்தச் சூரியனின் பிறந்தநாளாகக் காட்டும் குறிப்பு எதில் இருக்கிறது தெரியுமா? மேலே சொன்ன அதே 354ஆம் ஆண்டுத் தொகுப்பில். கிறிஸ்து பிறந்தநாளும் சூரியன் பிறந்தநாளும் ஒரே ஆவணத்தில்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று மேற்கத்திய சபையில் ஒரு பழைய கணக்கு இருந்தது. அவர் மரியாளின் வயிற்றில் கருவானதும் அதே தேதியில்தான் என்று நம்பினார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே வேறு கணக்குப்படி ஏப்ரல் 6 என்று வைத்தவர்களுக்கு ஜனவரி 6 வந்தது. ஆர்மீனிய சபை இன்றும் ஜனவரி 6ஆம் தேதிதான் கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாடுகிறது. இந்த இரண்டு விளக்கங்களில் எது சரி என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டாவதில் பொருத்தம் அதிகமாகத் தெரிகிறது. ஆனால் முதலாவதே சரி என்றாலும் எனக்குத் தூக்கம் கெடாது.

ஏன் என்று கேட்பீர்கள். கொண்டாட வேண்டாம் என்பவர்கள் காட்டும் பலமான வசனம் உபாகமம் 12:30-31. அந்த ஜாதிகள் தங்கள் தேவர்களைச் சேவித்ததுபோல நானும் சேவிப்பேன் என்று சொல்லாதே என்கிறது அது. அடுத்த வரியிலேயே காரணமும் இருக்கிறது: அவர்கள் தங்கள் பிள்ளைகளை அக்கினியில் சுட்டெரித்தார்கள். அங்கே தடுக்கப்படுவது வழிபாட்டு முறை. ஒரு தேதியில் யாரோ எதையோ வணங்கினார்கள் என்பதற்காக அந்தத் தேதி அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. வருஷத்தில் எந்தத் தெய்வத்துக்கும் எடுத்துக்கொள்ளப்படாத நாள் என்று ஒன்றை ரோமப் பேரரசில் தேடிக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

ஈஸ்டர் என்பது இஷ்தார் தேவியின் பண்டிகை என்கிறார்களே?

தவறு. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலை நினைக்கும் இந்தப் பண்டிகை யூதருடைய பஸ்காவிலிருந்து வந்தது. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்கம் பேசிய சபைகள் இதை பஸ்கா என்ற பெயரிலேயே ஆசரித்தன. பண்டைய பாபிலோனோடு சேர்த்துச் சொல்லப்படும் இஷ்தார், நிம்ரோத், செமிராமிஸ் கதைகள் பெரும்பாலும் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்ற ஸ்காட்லாந்து போதகர் 1850களில் எழுதிய 'இரண்டு பாபிலோன்கள்' என்ற நூலிலிருந்து பரவியவை. ரோமன் கத்தோலிக்கம் முழுவதும் பாபிலோனிய மதம் என்று நிரூபிப்பதே அவர் நோக்கம். அவரை நம்பி அமெரிக்கப் போதகர் ரால்ஃப் உட்ரோவும் ஒரு புத்தகம் எழுதினார், அது நன்றாகவே விற்றது. பிறகு ஹிஸ்லாப் காட்டிய ஆதாரங்களை அவரே சரிபார்க்கப் போய், அவை நிற்கவில்லை என்று கண்டு, தன் புத்தகத்தையே விற்பனையிலிருந்து நிறுத்திவிட்டு மறுப்பு எழுதினார். வாட்ஸ்அப்பில் முதல் புத்தகத்தின் சரக்கு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஈஸ்டர் தேதி ஏன் வருஷா வருஷம் மாறுகிறது? தேதியே நிச்சயமில்லாத பண்டிகையை எப்படி நம்புவது?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் அது இருக்கலாம். கீழைத் திருச்சபைகள் பல பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் அவர்களுக்குத் தேதி வேறு. 2024இல் நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20இலேயே வந்தன.

இந்தத் தேதிச் சண்டை சபையின் மிகப் பழைய சண்டைகளில் ஒன்று. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஆசியா சபைகள், யூதரைப் போலவே நிசான் மாதம் 14ஆம் தேதி, அது எந்தக் கிழமையானாலும், பஸ்காவை ஆசரித்தன. அப்போஸ்தலன் யோவான் கற்றுக்கொடுத்தது இதுதான் என்றார்கள். ரோம் சபை ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆசரித்தது. 155 வாக்கில் சிமிர்னாவின் ஆயர் பாலிகார்ப், அந்தத் தள்ளாத வயதில் ரோமுக்குப் போய் அங்கிருந்த ஆயர் அனிசேட்டஸிடம் பேசினார். இவரால் அவரை மாற்ற முடியவில்லை, அவரால் இவரை மாற்ற முடியவில்லை. அப்புறம் என்ன நடந்தது? அனிசேட்டஸ் தன் சபையிலேயே நற்கருணையை நடத்தும்படி பாலிகார்ப்புக்கு இடம் கொடுத்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள்.

ஒரு தலைமுறை கழித்து, 190 வாக்கில், ரோமின் ஆயர் விக்டருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆசியா சபைகளையே ஐக்கியத்திலிருந்து விலக்கப் பார்த்தார். லியோன் நகர ஆயர் இரனேயு, தேதி விஷயத்தில் விக்டரின் கட்சிக்காரர்தான். ஆனாலும் விக்டருக்குக் கண்டித்துக் கடிதம் எழுதினார். பாலிகார்ப் கதை நமக்குக் கிடைத்திருப்பதே அந்தக் கடிதத்தின் வழியாக. எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்ற முடிவு 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில்தான் வந்தது.

தேதி மாறுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் அந்தக் கடிதத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போஸ்தலருக்கு மிக அருகில் இருந்தவர்களே தேதியில் ஒத்துப்போகவில்லை. பந்தியில் ஒன்றாக இருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் மரம் வைப்பதை எரேமியா 10 தடுக்கிறதே?

அந்தப் பகுதியை ஐந்தாம் வசனம் வரைக்கும் வாசியுங்கள். காட்டில் மரத்தை வெட்டி, தச்சன் செதுக்கி, வெள்ளியும் பொன்னும் பூசி, ஆணி அடித்து நிறுத்துகிறார்கள். அது பேசாது, நடக்காது, அதைச் சுமக்க வேண்டும் என்கிறார் தீர்க்கதரிசி. அவர் பேசுவது விக்கிரகம் செய்வதைப் பற்றி. அலங்கார மரம் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மானியர் பகுதியில் பரவிய வழக்கம். அதை யாரும் கும்பிடுவதில்லை. பிளாஸ்டிக் மரத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது வேறு கேள்வி.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. அதுதான் சுத்தமான பழைய வழி என்கிறார் பாஸ்டர். உண்மையா?

பழைய வழி என்பது சரி. அந்த நிலைக்கு மரியாதையான வரலாறு உண்டு. தேவன் கட்டளையிடாத எதையும் ஆராதனையில் சேர்க்கக் கூடாது என்று நம்பிய பியூரிட்டன்கள் என்ற ஆங்கிலேயச் சீர்திருத்தக் குழுவினர் அதைக் கடைசிவரை கொண்டுபோனார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளை நீக்கியது. அந்த டிசம்பரிலேயே கான்டர்பரியில் மக்கள் கலகம் செய்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681இல்தான் அது நீங்கியது. ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல். ஆக, கிறிஸ்துமஸை ஒதுக்குகிறவர்களை அரைகுறை விசுவாசிகள் என்று சொல்கிறவருக்குச் சபை வரலாறு தெரியவில்லை என்று அர்த்தம்.

ஆனால் நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை என்று டிசம்பர் முழுவதும் பிரசங்கிக்கும் சில சபைகளில், டிசம்பர் 31 இரவு இடம் கொள்ளாமல் கூட்டம் நிரம்பும். பன்னிரண்டு அடித்ததும் புது வருஷ வாக்குத்தத்த வசன அட்டை கையில் வரும். ஜனவரி 1 எந்த வேத வசனத்தில் இருக்கிறது? ரோமருடைய நாட்காட்டியில் அது ஜானஸ் என்ற தெய்வத்தின் மாதத்துக்கு முதல் நாள். அந்த ஆராதனையை விடச் சொல்லவில்லை, நானும் போகிறவன்தான். நன்றி சொல்ல ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த இரவில் ஒப்புக்கொள்கிறோம் என்றால், ஆறு நாள் முன்னால் மட்டும் அது ஏன் பாவம் என்றுதான் கேட்கிறேன்.

நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று பவுல் கலாத்தியரைக் கடிந்துகொண்டாரே (கலாத்தியர் 4:10)?

கடிந்துகொண்டார். அதே பவுல் ரோமர் 14:5இல், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் ஒரே மாதிரி எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் முழு நிச்சயத்தோடு இருக்கட்டும் என்கிறார். கலாத்தியாவில் சிக்கல் என்னவென்றால், விருத்தசேதனமும் நாட்களும் இருந்தால்தான் தேவனுக்கு முன் நீதிமானாக முடியும் என்று சிலர் போதித்தார்கள். பண்டிகை ஒரு நிபந்தனையாக மாறியது. கொலோசெயர் 2:16இல் பண்டிகை நாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்கிறார். அந்த வசனம் இரண்டு பக்கமும் வெட்டும்: கொண்டாடினாய் என்றும் குற்றம் சொல்லக் கூடாது, கொண்டாடவில்லை என்றும் கூடாது.

பொங்கல் கொண்டாடலாமா?

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே அதிகம் அடிபடும் கேள்வி இதுதான். இது இன்று நேற்று எழுந்ததும் இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நோபிலி, குடுமியும் பூணூலும் சந்தனமும் சமூக அடையாளங்கள், விசுவாசத்துக்கு விரோதமானவை இல்லை என்று வாதாடினார். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அதை ஏற்றார். போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் பல வழக்கங்களைத் தடை செய்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும் அதில் ஒன்று. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடைகளில் பெரும்பாலானவற்றை உறுதி செய்து, அவற்றைக் கடைப்பிடிப்போம் என்று குருக்களிடம் சத்தியமே வாங்கச் சொன்னார். அந்தச் சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது. இன்று கிறிஸ்தவத் திருமணத்தில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலி ஏறும்போது யாரும் கண் சிமிட்டுவதுகூட இல்லை. அதற்குப் பின்னால் இத்தனை வருஷத் தகராறு இருக்கிறது.

இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கத்தோலிக்க ஆலய வளாகங்களில் பொங்கல் வைத்துத் திருப்பலி நடப்பது சாதாரணம். சீர்திருத்த சபைகளில்தான் தயக்கம் அதிகம். அந்தத் தயக்கத்திலும் ஒரு முரண் இருக்கிறது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அறுப்பின் பண்டிகை விமரிசையாக நடக்கும். நெல், வாழைத்தார், பூசணி, உயிருள்ள சேவல் எல்லாம் பீடத்தின் முன் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு கட்டு முருங்கைக்காயைச் சந்தை விலையைப் போல் பத்து மடங்குக்குப் போட்டி போட்டு எடுப்பார்கள். அந்தச் சந்தோஷம் தனி. இந்த ஆராதனை இன்றைய வடிவில் பரவியதற்கு 1843இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் நடத்திய அறுவடை நன்றி ஆராதனையைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். கார்ன்வால்காரர் கோதுமைக்கு நன்றி சொன்னால் அது பரிசுத்தம், காவிரிக்கரைக்காரர் நெல்லுக்கு நன்றி சொன்னால் அது சந்தேகம். இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

பொங்கலில் ஒரு பகுதி சூரிய வழிபாடு, அதை மறைக்க வேண்டியதில்லை. சூரியனுக்குப் படைப்பதும், அதை நோக்கிக் கும்பிடுவதும் கிறிஸ்தவர் செய்யக் கூடியது இல்லை. சூரியனை உண்டாக்கினவரை வணங்குகிறோம், சூரியனை இல்லை. புத்தரிசியைப் பானையில் இட்டு, ஜெபித்து, பால் பொங்கும்போது பிள்ளைகள் கத்தி, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவதில் விக்கிரகம் எங்கே இருக்கிறது? வேதத்தில் உள்ள வாரங்களின் பண்டிகையும் கூடாரப் பண்டிகையும் அறுப்பை ஒட்டியவைதானே. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசுவதும் அப்படியே. உழைத்த மாட்டை ஒரு நாள் சீராட்டுவது பூஜை ஆகாது.

ஒரு எச்சரிக்கை. புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவர், பொங்கலைச் சூரிய பூஜையாகவே செய்து பழகியவர், "எனக்கு இது பழைய வாழ்க்கையை ஞாபகப்படுத்துகிறது, வேண்டாம்" என்றால் அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். "இவ்வளவு பலவீனமா?" என்று கேலியும் வேண்டாம். பலவீனமான மனச்சாட்சி உள்ளவரை இடறச் செய்யாதீர்கள் என்று பவுல் சொல்லும் 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் அவர் விஷயத்தில் அப்படியே பொருந்தும்.

பக்கத்து வீட்டில் தீபாவளிப் பலகாரம் கொடுக்கிறார்கள். வாங்கலாமா? பிரசாதம் என்றால்?

முறுக்கும் அதிரசமும் வாங்கிச் சாப்பிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்களும் கேக் கொடுத்தனுப்புங்கள். இதே கேள்விக்குப் பவுல் 1 கொரிந்தியர் 10இல் பதில் சொல்லியிருக்கிறார்: கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிப் புசிக்கலாம், அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடலாம். "இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது" என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம்.

ஆக, படைத்தது என்று சொல்லித் தருவதைப் பணிவாக மறுக்கலாம். மறுக்கும் விதம் முக்கியம். "அக்கா, நாங்க சாமிக்குப் படைச்சதைச் சாப்பிடுறதில்ல, தப்பா நினைக்காதீங்க, சும்மா செஞ்சது இருந்தா குடுங்க" என்றால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். அடுத்த வருஷம் படைப்பதற்கு முன்னாலேயே தனியாக எடுத்து வைத்துத் தருகிறவர்களும் உண்டு. வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் குப்பையில் போடுவது பக்தி இல்லை, அது அவமதிப்பு.

ஆபீஸில் ஆயுத பூஜை. நான் என்ன செய்வது?

மேசையைத் துடையுங்கள், தோரணம் கட்டுங்கள், பொரிகடலை வாங்க உங்கள் பங்குக் காசைக் கொடுங்கள். தீபாராதனை காட்டும்போது கும்பிடாமல் மரியாதையாக நின்றால் போதும். அன்று மட்டும் லீவு போட்டு ஓடிவிடுவதைவிட இது நேர்மை.

லெந்து காலத்தில் உபவாசம் கட்டாயமா?

லெந்து என்பதைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள். அவர்களுக்குச் சபைச் சட்டப்படி ஒருசந்தி (உபவாச) நாட்களும், சுத்தபோசன (இறைச்சி விலக்கும்) நாட்களும் உண்டு. சீர்திருத்த சபைகளில் பெரும்பாலும் அது அவரவர் விருப்பம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை, ஞாயிறுகளை விட்டு எண்ணினால் 40 நாள். கறி மீனை விட்டுவிட்டு வட்டிக்கு விட்ட பணத்தை வேலைக்காரரிடம் கறாராக வசூலிக்கிறவர்கள் ஏசாயா 58ஐ ஒருமுறை வாசித்தால் நல்லது.

மாதா கோயில் திருவிழா, கொடியேற்றம், சப்பரம் எல்லாம் இந்துத் திருவிழா மாதிரியே இருக்கிறதே?

இருக்கிறது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டத்தைப் பார்த்தால் எந்தத் தமிழருக்கும் பழகிய காட்சிதான். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஜூலை 26இல் தொடங்கி ஆகஸ்ட் 5இல் நிறைவடையும். விசேஷ வருஷங்களில் தங்கத் தேரும் ஓடும். கொடியும் தேரும் இந்த மண்ணில் திருவிழா கொண்டாடும் முறை, அதனால் மட்டும் அது விக்கிரகாராதனை ஆகிவிடாது. உண்மையான கேள்வி வேறு: மரியாளிடமும் புனிதர்களிடமும் பரிந்துரை கேட்கலாமா? அங்கேதான் கத்தோலிக்கரும் நம்மைப் போன்ற சீர்திருத்த சபையாரும் பிரிகிறோம். நான் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நேராகப் பேச வேண்டுமே தவிர, தேரைக் காட்டிக் கிண்டல் செய்வதில் பிரயோஜனம் இல்லை. எங்கள் பக்கத்து அசன வைபவத்துக்கு ஊரே வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறதே, அதுவும் இந்த மண்ணின் வாசனைதான்.

கடன் வாங்கியாவது பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கணுமா?

வேண்டாம். தொழுவத்தில் பிறந்தவருக்காக வட்டிக் கடையில் நகையை வைக்க வேண்டியதில்லை. சபையில் பண்டிகைக் காணிக்கையை வெளிப்படையாக வாசிக்கும் வழக்கம் இருந்தால், அதையும் நிறுத்தச் சொல்லிக் கமிட்டியில் பேசுங்கள். இல்லாதவர்களைக் கடன்பட வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

நான் சிஎஸ்ஐ, என் மனைவி கிறிஸ்துமஸ் கொண்டாடாத சபையில் வளர்ந்தவள். வீட்டில் ஒவ்வொரு டிசம்பரும் சண்டை. என்ன செய்வது?

நவம்பரிலேயே உட்கார்ந்து பேசுங்கள். 24ஆம் தேதி ராத்திரி ஸ்டாரைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். அவருக்கு எதில் மனச்சாட்சி உறுத்துகிறது என்று கேளுங்கள். மரமா, கிறிஸ்துமஸ் தாத்தாவா, ஆராதனையேவா? பெரும்பாலும் ஆராதனையில் தடை இருக்காது, ஆடம்பரத்தில்தான் இருக்கும். அப்படியானால் மரத்தையும் தாத்தாவையும் நீங்கள் விட்டுக்கொடுங்கள், அதிகாலை ஆராதனைக்கு அவர் வரட்டும். ஆராதனையும் முடியாது என்றால் நீங்கள் போய்விட்டு வாருங்கள், அவர் வீட்டில் இருக்கட்டும்; பிள்ளைகளிடம் "அம்மாவுக்கு விசுவாசம் இல்லை" என்றோ "அப்பா பாபிலோனுக்குப் போகிறார்" என்றோ இருவரும் சொல்லாதீர்கள். மதியத்துக்குப் பிரியாணியை அவர்தான் செய்ய வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அது நீங்கள் கொண்டாடும் பண்டிகை, வெங்காயத்தை நீங்களே நறுக்குங்கள்.